இடிக்கும் முன் போய் நில்லுங்கள்: பழைய வீட்டுச் சாமான் வாங்கிக் கட்ட ஒரு வழிகாட்டி

காலையில் வரும் ஜேசிபி ஒரு பழைய ஓட்டு வீட்டை மதியச் சாப்பாட்டுக்குள் தரையாக்கிவிடும். அதே வீட்டை நாலு ஆள் கையால் பிரித்தால் ஐந்தாறு நாள் ஆகும். முதல் வழியில் மிஞ்சுவது உடைந்த ஓடும் பிளந்த சட்டமும் கலந்த மண்மேடு. இரண்டாவது வழியில் நிலை, கதவு, கைமரம் (கூரைச் சரிவில் ஓடும் சட்டம்), ஓடு, படிக்கல் எல்லாம் தனித்தனியாக அடுக்கில் நிற்கும். பழைய சாமானின் தரம் கடையில் முடிவாவது குறைவு. அந்த ஐந்தாறு நாளில்தான் முடிவாகிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் தாழ்வாரமும் கட்டினோம். கதவு, ஜன்னல், கூரை மரம், ஓடு, தரைக்கல் எல்லாமே வேறு வீடுகளில் வாழ்ந்தவை. கம்பி, சிமெண்ட், வயர், குழாய் மட்டும் புதிது. அப்போது கற்றதையும், தவறு செய்து கற்றதையும் எழுதுகிறேன்.

முதலில் சாமான், அப்புறம் பிளான்

புது வீட்டுக்கு முதலில் பிளான் போட்டு, அப்புறம் அந்த அளவுக்குக் கதவு செய்வோம். பழைய சாமானில் இது தலைகீழ். பழைய நிலைகள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது. பல நிலைகள் ஐந்தரை அடி, ஆறடி உயரத்தில்தான் இருக்கும். குனிந்து போகிற வாசல்கள் அவை. பிளான் போட்டுச் சுவரில் இடம் விட்டுவிட்டு நிலை தேடினால், ஒன்று நிலையை அறுப்பீர்கள், இல்லையென்றால் சுவரை உடைப்பீர்கள்.

அதனால் சாமான் கைக்கு வரும்வரை அஸ்திவார வேலைக்கு மேல் போகாதீர்கள். ஒரு நோட்டுப் போட்டு, வாங்கிய ஒவ்வொன்றின் வெளி அளவையும் எழுதுங்கள்: உயரம், அகலம், சட்டத்தின் கனம், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா. அந்த நோட்டைத்தான் கொத்தனாரிடமும் இன்ஜினியரிடமும் கொடுக்க வேண்டும். உயரம் குறைந்த நிலையை அடியில் ஒரு படிக்கல் கொடுத்துத் தூக்கலாம். அகலம் குறைந்ததற்கு வைத்தியம் கிடையாது. பீரோவும் ஃபிரிட்ஜும் கட்டிலும் உள்ளே போகுமா என்று டேப் பிடித்துப் பாருங்கள். எங்கள் அறைக்கு ஆசையாக வாங்கிய முதல் நிலை இரண்டேகால் அடி அகலம். அது இப்போது சாமான் அறைக்கு நிற்கிறது.

எங்கே தேடுவது

இடிக்கப்போகிற வீடுதான் முதல் இடம். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், கடையம், ஆழ்வார்குறிச்சி என்று ஆற்றோரமும் மலையடிவாரமும் உள்ள ஊர்களில் திண்ணையும் முற்றமும் வைத்த வீடுகள் இன்னும் உண்டு. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்து, கடைசியில் விலைபோகிறவையும் அவற்றில் உண்டு. எந்த வீடு எப்போது இடிபடும் என்பது டீக்கடைக்குத் தெரியும், ஊர்க் கொத்தனாருக்குத் தெரியும், மனைப் புரோக்கருக்கு எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். மூன்று பேரிடமும் சொல்லி வையுங்கள். தை பிறந்ததும் வேலை தொடங்க நினைக்கிறவர்கள் மார்கழி வாக்கில் பழைய வீட்டை என்ன செய்வது என்று யோசிப்பார்கள். அந்தச் சமயத்தில் இன்னொரு முறை விசாரியுங்கள்.

இரண்டாவது, இடிப்பு வேலை எடுக்கிறவர்களின் கொட்டகை. ஊருக்கு வெளியே சாலையோரம் தகரம் போட்டு, முன்னால் கதவுகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். இங்கே பொறுக்கி எடுக்கலாம், பேரம் பேசலாம். ஆனால் சாமான் எந்த வீட்டிலிருந்து வந்தது, எப்படி இறக்கினார்கள் என்பது தெரியாது. கதவு ஓரிடத்திலும் அதன் நிலை வேறிடத்திலும் கிடக்கும். கதவை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஜோடி பிரிந்த கதவுக்குப் புது நிலை செய்கிற செலவில் லாபம் போய்விடும்.

மூன்றாவது, ஆசாரி பட்டறை. வேலைக்கு வந்த வீட்டில் கழித்த சட்டங்களை ஆசாரிகள் வாங்கி வைத்திருப்பார்கள். அளவு குறைவாக இருந்தாலும் மரம் நம்பகமானது, ஏனென்றால் அவர்களே பார்த்து எடுத்தது. செதுக்கல் வேலை நிறைந்த தூணும் கதவும்தான் வேண்டும் என்றால் காரைக்குடிக்குப் போக வேண்டும். அங்கே பழம்பொருள் கடைகள் தெருவாகவே இருக்கின்றன. ஆனால் அது அலங்காரச் சந்தை, விலையும் அப்படித்தான். வீடு கட்டுகிறவருக்கு வேண்டிய சாதாரண, உறுதியான சாமான் நம் ஊரிலேயே கிடைக்கிறது.

பேச்சு

வீட்டுக்காரர்கள் இடிப்பு வேலையை மொத்தமாகப் பேசி ஒருவரிடம் விடுவார்கள். சாமானை அவரே எடுத்துக்கொண்டு வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார், அல்லது கூலியில் கழித்துக்கொள்வார். நீங்கள் அதற்கு முன்னால் போய், “நிலை, ஜன்னல், கூரை மரம், ஓடு மட்டும் எங்களுக்கு. இறக்கும் கூலி எங்களுடையது. ஒரு வாரம் கொடுங்கள், அப்புறம் ஜேசிபி விட்டுக்கொள்ளுங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தாத்தா நடந்த வாசல் இன்னொரு வீட்டில் வாசலாகவே இருக்கப்போகிறது என்று தெரிந்தால் சிலர் விலையைக்கூடக் குறைப்பார்கள். அதைப் பேரத்துக்கான உத்தியாகச் சொல்லாதீர்கள், மெய்யாகவே செய்யுங்கள். கட்டி முடித்ததும் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். வீடு யார் பெயரில் இருக்கிறது, பங்காளிகள் எத்தனை பேர் என்று கேட்டு, எல்லாருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் அண்ணனிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நாங்கள் மரத்தை லாரியில் ஏற்றிய பிறகு தம்பி வந்து வண்டியை மறித்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. மூன்று நாள் மரம் தெருவில் கிடந்தது, மழை வேறு. அதற்குப் பிறகு ஒரு வெள்ளைத் தாளிலாவது கையெழுத்து இல்லாமல் நான் ஒரு கதவையும் தொட்டதில்லை.

அந்தத் தாள் இன்னொன்றுக்கும் உதவும். மரம் ஏற்றிய வண்டியை வழியில் நிறுத்திக் கேட்டால், இன்ன வீட்டிலிருந்து இறக்கிய பழைய மரம் என்று காட்ட ரசீதும், வீடு நின்றபோது எடுத்த படமும் வேண்டும். தமிழ்நாட்டில் மரம் கொண்டுபோவதற்கு 1968இலிருந்தே தனி விதிகள் உண்டு. புளியரை வழியாகக் கேரளத்திலிருந்து மரம் கொண்டுவர நினைத்தால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தோதகத்தி (ரோஸ்வுட்) போன்ற மரமென்றால் இரண்டு முறை கேளுங்கள்.

இறக்குவது

வேலை தொடங்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் ஃபியூஸ் பிடுங்கினால் மட்டும் போதாது. கம்பத்திலிருந்து வரும் வயரே இறங்க வேண்டும். ஓட்டுக்கு அடியில் தேள் நிச்சயம் இருக்கும், பாம்பும் இருக்கலாம். கையுறை, காலில் ஷூ, தலையில் ஹெல்மெட், மூக்குக்கு மாஸ்க் இல்லாமல் ஆளை ஏற்றாதீர்கள்.

முதல் நாள் முழுக்கப் படம் எடுங்கள். கூரையை உள்ளிருந்து, வெளியிலிருந்து, ஒவ்வொரு மூட்டையும். பிறகு பெயிண்ட் எடுத்து ஒவ்வொரு கைமரத்துக்கும் எண் போடுங்கள். சாக்குக்கட்டி வேண்டாம், ஒரு மழையில் அழிந்துவிடும். கிழக்குச் சரிவு கி1, கி2, மேற்குச் சரிவு மே1, மே2 என்று நாங்கள் போட்டோம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும். இடிக்கவிருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுபோய் அப்படியே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் அடையாளம் வைக்காமல் அது நடக்காது.

பிரிக்கும் வரிசை கட்டிய வரிசைக்கு நேரெதிர். முதலில் கதவுகளைக் கீலிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். கீல், நாதாங்கி, கொண்டி, குமிழ் எல்லாவற்றையும் அந்தந்தக் கதவின் எண் எழுதிய பையில் போடுங்கள். பழைய பித்தளைக் கீல் தொலைந்தால் ஜோடி கிடைக்காது. அடுத்து முகட்டோடு, அதிலிருந்து கீழ்நோக்கி ஓடுகள். ஓட்டைக் கீழே எறியக் கூடாது, கைமாற்றி இறக்க வேண்டும். பின்பு ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்), கைமரம், விட்டம், உத்திரம்.

நிலை கடைசியில்தான். இங்கேதான் பெரும்பாலும் கெடுக்கிறார்கள். பழைய நிலையின் மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் இரண்டு பக்கமும் சுவருக்குள் நீண்டிருக்கும். கடப்பாரை போட்டு நெம்பினால் அந்த முனைகள் பிளந்து, மூட்டு ஆடிப்போகும். நிலைக்கு மேலுள்ள சுவரை முதலில் இறக்கி, பக்கவாட்டில் ஒரு சாண் அளவுக்குச் சுண்ணாம்பையும் கல்லையும் கொத்தி எடுத்தால் நிலை தானாகவே தளரும். தளர்வதற்கு முன்னால், மூலைக்கு மூலை குறுக்கே ஒரு ரீப்பரை அடித்து இறுக்கிவிடுங்கள். அந்தக் குறுக்குச் சட்டம் புது வீட்டில் நிலை நிற்கும்வரை கழலக் கூடாது. அரை மணி நேர வேலை இது. செய்யாமல் விட்டால் நிலை சாய்சதுரமாகிவிடும், கதவு ஒருநாளும் பொருந்தாது.

மரம் பார்க்கிற வித்தை

கொட்டகையில் எல்லா மரமும் தேக்குதான். நான் ஒரு கதவைத் தட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, நெசமாவே தேக்கா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “தேக்குன்னு சொன்னாத்தான் தம்பி எல்லாரும் நின்னு பாக்காங்க. இது அயினி. ஆனா ஒங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்.” அந்தக் கதவை வாங்கினேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கைத் தவிர அயினி, பலா, வேங்கை, கோங்கு, வேம்பு, பூவரசு, இலுப்பை என்று பல மரங்கள் வரும். தேக்கு இல்லை என்பதால் ஒன்றைத் தள்ளாதீர்கள், தேக்கு என்று சொல்வதால் வாங்கவும் வேண்டாம்.

பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் ஆசாரியை இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். புதுச் சீவலில் நிறமும் வாசமும் வெளியே வரும். தேக்குக்குத் தோல் வாடை மாதிரி ஒரு மணமும் கையில் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். பலா மஞ்சள், நாளாக ஆகப் பழுப்பேறும். வேங்கைச் சீவலைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகி, வெளிச்சத்தில் ஒரு நீலச் சாயை தெரியும்.

அடுத்து உறுதி. ஒரு திருப்புளியை எடுத்து மூன்று இடங்களில் குத்துங்கள்: நிலையின் அடிப்பாகம், சுவருக்குள் இருந்த முனைகள், கைமரம் சுவரில் உட்கார்ந்த இடம். ஈரமும் செல் என்கிற கரையானும் அங்கேதான் தொடங்கும். திருப்புளி கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. முனை மட்டும் கெட்டிருந்தால் அறுத்துக் கழித்துவிட்டு மிச்ச நீளத்துக்கு மட்டும் விலை பேசலாம். விரல் முட்டியால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ஒரே மாதிரிக் கணீரென்று சொல்லும். நடுவில் சத்தம் அமுங்கினால் உள்ளே கூடு.

சிறு துளைகள் தெரிந்தால் உளு. பழைய துளைகள் மட்டும் இருப்பது பெரிய குற்றமில்லை, பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மரத்தை ஒரு கறுப்புத் துணி அல்லது காகிதத்தின் மேல் இரண்டு வாரம் வையுங்கள். மாவு மாதிரிப் புதுத்தூள் விழுந்தால் உளு வேலை செய்துகொண்டிருக்கிறது. உள்ளறை மரத்துக்கு நாங்கள் செய்த வைத்தியம்: பத்து லிட்டர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பெயிண்ட் இல்லாத மரத்தில் மூன்று முறை அடித்துக் காயவிட்டோம். மழையில் நனைகிற மரத்துக்கு இது நிற்காது, கரைந்து ஓடிவிடும். கூரை மரத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பழைய வழக்கம், செல் அண்டாது. ஆனால் அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

பனைமரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் கைமரம் பல இடங்களில் பனைதான். வைரம் பாய்ந்த பனைச் சட்டம் கறுத்து, இரும்பு மாதிரிக் கனக்கும். பனைக்கு வலிமை வெளிச்சுற்றில் இருக்கிறது, நடு சோறுதான். அதனால் அறுத்த முனையைப் பாருங்கள்: கறுப்பு நார் நெருக்கமாக இருந்தால் எடுங்கள், வெளிறிய பஞ்சு அதிகமாகத் தெரிந்தால் விடுங்கள். அகலத்தில் அறுத்துச் சிறிதாக்க நினைக்காதீர்கள், வைரம் போய்விடும். நீளத்தை மட்டும் குறைக்கலாம். அதன் சிலாம்பு கையில் ஏறினால் சீழ் கோக்கும்.

வெள்ளத்தில் நின்ற வீட்டு மரமும் சந்தைக்கு வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் பல மண்சுவர் வீடுகள் சரிந்தன. மூட்டுகளின் இடுக்கில் வண்டல் படிந்திருந்தால், நிலையின் கீழ்ப்பாதியில் தண்ணீர்க் கோடு தெரிந்தால், அது அப்படிப்பட்ட வீட்டு மரம். மரம் நல்லதாகவும் இருக்கலாம். மூட்டைப் பிரித்து, கழுவி, நிழலில் ஒரு கோடை முழுக்கக் காயவிட முடியுமானால் வாங்குங்கள்.

விலையைக் கன அடியில் பேசுங்கள், “ஒரு நிலை இவ்வளவு” என்று பேசாதீர்கள். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. 5 அங்குலம் அகலம், 3 அங்குலம் கனமுள்ள சட்டத்தில் செய்த நிலை, நான்கு பக்கமும் சேர்த்து 22 அடி என்றால், 5 × 3 × 22 ÷ 144, அதாவது ஏறக்குறைய 2.3 கன அடி. அதே மரம் புதிதாக என்ன விலை என்று மரக்கடையில் கேட்டுவிட்டு வாருங்கள். பழையதன் விலையோடு வண்டிக் கூலி, ஆணி பிடுங்கி இழைக்கும் கூலி, கழிவு மூன்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள். எனக்குச் சில கதவுகளில் விலையைவிட ஆசாரி கூலி அதிகமானது. வருத்தமில்லை, ஆனால் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆணியைச் சொன்னேன் அல்லவா? மில்லுக்கு அனுப்பும் முன் ஒரு பெரிய காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். உள்ளே முறிந்த ஆணி ஒன்று இருந்தாலும் ரம்பம் போய்விடும், அறுக்கிறவருக்கும் ஆபத்து.

பழைய பெயிண்டை நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள், காய்ந்தபடி உப்புத்தாள் போட்டும் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, ஈரமாகச் சுரண்டி, சுரண்டியதைப் பொதிந்து அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

தலைவாசல்

இன்னொரு வீட்டு நிலையைத் தலைவாசலுக்கு வைக்கலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். எங்கள் ஆச்சி கண்டிப்பாக வேண்டாம் என்றார். “அவுக வீட்டு நல்லது கெட்டது நமக்கு எதுக்கு?” என்பது அவர் வாதம். விவாதம் பண்ணி ஜெயிக்கிற விஷயமில்லை இது. அந்த வீட்டில் வாழப்போகிறவர் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும். கடைசியில், ஆச்சி பிறந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் சாத்திக் கிடந்த வேப்பமர நிலையைக் கேட்டு வாங்கி வந்தோம். அதற்கு ஆச்சியே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். வெளி நிலைகள் உள்ளறைகளுக்குப் போயின. வீட்டுப் பெரியவர்களிடம் வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

ஓடு

மங்களூர் ஓடு என்றும் சீமை ஓடு என்றும் சொல்கிற ஓட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சூளையின் பெயர் அச்சாகியிருக்கும். இந்த வகை ஓட்டை மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் செய்யத் தொடங்கியது. பிறகு மலையாளக் கரையெங்கும் சூளைகள் பெருகின. அந்த அச்சு அழகுக்காக மட்டுமில்லை. ஒரு சூளை ஓட்டின் பள்ளம் இன்னொரு சூளை ஓட்டின் மேட்டில் சரியாக உட்காராது. கால் அங்குல வித்தியாசம் போதும், ஐப்பசி மழையில் ஒழுகும். ஒரே அச்சுள்ள ஓடுகளாகப் பிரித்து அடுக்குங்கள். இரண்டு வகை கலந்துதான் கிடைத்தது என்றால் ஒரு சரிவுக்கு ஒரு வகை என்று போடுங்கள்.

ஒவ்வோர் ஓட்டையும் ஒரு கையில் தொங்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள். வெண்கலம் மாதிரி ஒலித்தால் நல்லது. கரகரவென்றால் கீறல் இருக்கிறது. பாசியைத் தென்னந்துடைப்பமும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் போதும், ஆசிட் வேண்டாம். 100 சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு என்பது கணக்கு. தாழ்வாரம் 15 அடி நீளம், சுவரிலிருந்து 12 அடி வெளியே வருகிறது, இரண்டு அடிக்கு ஓர் அடி சரிவு என்றால், சரிவின் நீளம் 13.4 அடி, பரப்பு 201 சதுர அடி. 300 ஓடு வேண்டும். உடைவுக்கும் பிற்காலத்துக்கும் சேர்த்து 350 வாங்குங்கள். சரிவை அதற்குக் கீழே குறைக்காதீர்கள், காற்றோடு வரும் சாரல் ஓட்டுக்குள் ஏறும். ரீப்பர் இடைவெளியைப் புத்தகம் பார்த்து வைக்க வேண்டாம். கையிலிருக்கும் ஓடுகளில் பத்தை வரிசையாகக் கோத்துத் தரையில் வைத்து அளந்து, அதன்படி அடியுங்கள்.

நாட்டு ஓடு வேறு கதை. அழகு, குளுமை எல்லாம் சரி. ஆனால் அடிக்கடி பிரித்து மாற்றிப் போட ஆள் வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பாபநாசம், குற்றாலம் பக்கம் குரங்கும் சேர்ந்துகொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

செங்கலும் கல்லும்

சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய சுவரின் செங்கல் மட்டும் மறுபடி பயன்படும். கொத்துக்கரண்டியால் தட்டினால் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும். சிமெண்டில் கட்டியதைச் சுத்தம் செய்யப் போனால் கல்தான் உடையும். ஐந்தாறு கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவுக்கு மேல் போனால் அதைச் சுவருக்கு எடுக்காதீர்கள். உவரி, திசையன்விளைப் பக்கத்துக் கடலோர வீட்டுச் செங்கலாக இருந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், பூசிய சுவரையும் பொரிய வைத்துவிடும். பழைய கல்லின் கனம் இப்போதைய மூன்று அங்குலக் கல்லோடு சேராது. ஒரே சுவரில் இரண்டையும் கலக்காமல், பழையதைத் தனியாகச் சுற்றுச்சுவருக்கோ திண்ணைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மாடி தாங்கும் சுவருக்கு வேண்டாம்.

கருங்கல் கெடாது. முற்றத்துப் பட்டியக்கல், தொழுவத்துத் தூண், படிக்கல், ஆட்டுரல் எல்லாம் மலிவாகக் கிடைக்கும், சில வீட்டில் சும்மாவே கொடுப்பார்கள். செலவெல்லாம் தூக்குவதில். ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. 6 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குலம் கனமுள்ள ஒரு பட்டியக்கல் 300 கிலோ வரும். நாலு ஆளை வைத்துத் தூக்கப் பார்க்காதீர்கள், கிரேன் பேசுங்கள். கல்லில் எழுத்தோ சிற்பமோ இருந்தால் நகர்த்தாமல் தொல்லியல் துறைக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள். நூறு ஆண்டு கடந்த சிற்பங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். அது கோயிலுக்குச் சொந்தமானதாக இருந்தால் உங்கள் வீட்டில் இருக்கவே கூடாது.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் எடுக்காதவை சில உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அறுத்தாலும் உடைத்தாலும் வருகிற தூசி நுரையீரலைக் கெடுக்கும். பழைய வயர், சுவிட்ச். துருப்பிடித்து வளைந்த கம்பி. கான்கிரீட்டுக்குள் அது போகவே கூடாது. ஜன்னல் அழி, கிரில், கேட் போன்ற இரும்பு எடுக்கலாம், துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தால் நிற்கும்.

கொண்டுவந்த பிறகு

மரத்தைத் தரையில் போடாதீர்கள். செங்கல் வைத்து ஓரடி உயர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ரீப்பர் துண்டு கொடுத்து, நிழலில் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போதும். சுற்றிலும் போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சித்திரை வெயில் நேராகப் பட்டால் நூறு வருஷ மரமும் வெடிக்கும். கதவுகளைச் சாய்த்து வைக்காமல் படுக்க வையுங்கள், ஓடுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

கட்டும்போது ஒரு விதியை விடாதீர்கள்: பழைய மரம் பழைய வீட்டில் தாண்டிய தூரத்துக்கு மேல் தாண்டக் கூடாது, சுமந்த சுமைக்கு மேல் சுமக்கக் கூடாது. 10 அடி நின்ற உத்திரத்தை 9 அடிக்கு வையுங்கள். 12 அடிக்கு இழுக்காதீர்கள். ஓடு தாங்கிய விட்டத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். உத்திரம், தூண் இரண்டையும் ஓர் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். மரத்தூணுக்கு அடியில் கல் பீடம் கொடுங்கள். பழைய வீடுகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கும், செல் ஏறாததற்கு அதுவே பாதிக் காரணம். காய்ந்து இறுகிய மரத்தில் ஆணி அடித்தால் பிளக்கும். துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கச் சொல்லுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இடிக்கிற வீட்டுக் கதவு ஜன்னல்களை எடுத்துப் புது வீடுகளில் வைத்தவர். எலிப்பொறிக் கட்டு என்று செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அவர் கட்டிய முறையில் கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகும். நல்ல பழைய கல் கொஞ்சமே கிடைத்தவர்கள் இதைத் தெரிந்த கொத்தனாரைத் தேடலாம். அளவு ஒத்த, முனை உடையாத கல்லாக இருக்க வேண்டும்.

வேலை முடிந்து மிஞ்சிய ஓடுகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுப் பின்பக்கம் சுவரோரம், அச்சு தெரிகிறபடி நிறுத்தி வையுங்கள். எங்கள் வீட்டில் நாற்பது இருந்தது. மாங்காய் விழுந்து உடைந்ததற்கு மூன்று, ஒரு ஐப்பசிக் காற்றுக்கு ஐந்து, இப்போது முப்பத்திரண்டு நிற்கிறது. அந்த அச்சு ஓடு வேறெங்கே கிடைக்கும் என்று இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.